எதிரான கை முதலில்

நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இண்டைக்குப் பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, சென்ட் லோரன்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற தகரப் பட்டறை. மொன்றியலில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலாவது அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற கூடு ஒழுங்காக வேலை செய்தால், அது என்ர கையால் வளைத்த தகரம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கம்பஸ் முடித்த ஆக்கள் என்னட்டை வந்து புத்தி கேட்கிறவை. நான் ஒருத்தரிட்டையும் போய்க் கேட்டதில்லை. ஒரே ஒரு மனிசன்தான் என்னை இருத்தி எழுப்பினது. அந்த மனிசனும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. என்னைக் கேள்விதான் கேட்டார்.

அவர் ஸ்பெயின் நாட்டுக்காரர். பேரை எழுத மாட்டேன். பேரை எழுதி வைக்கிறது அவருக்குப் பிடிக்காது. ஒரு காலத்தில் தனக்கு நாலு பேர் இருந்தது, நாலும் பொலிசின் கொப்பியில் இருந்தது எண்டு சிரிப்பார்.

பதினைந்து வருசத்துக்கு முந்தின கதை. சென்ட் லோரன்டில் அடுப்புகளுக்கும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் தகர உறுப்புகள் அடிக்கிற தொழிற்சாலை ஒண்டில் நான் தகரத்தை அமத்தி வெட்டுகிற பிரஸ் மெசினில் நிண்டேன். மனிசியும் ரெண்டு பிள்ளைகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற கடுதாசி ஓடிக்கொண்டிருந்தது. 'வேலையில் நிற்கிறார், சம்பளம் ஒழுங்காக எடுக்கிறார்' எண்டு கொம்பனி தருகிற கடிதம் அதுக்குத் தேவை எண்டு எங்கட ஆக்களுக்குள் கதை. சட்டம் அப்படித்தான் சொல்லியதோ எனக்குத் தெரியாது. பயப்படுகிறவன் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தா பயப்படுகிறான்?

அந்த மனிசனுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். பிரஸ் மெசினுக்கு அச்சு மாற்றுகிற வேலை. கட்டை ஆள், தடித்த கழுத்து. சாப்பாட்டு அறைக்குள்ளேயும் கோட்டைக் கழற்ற மாட்டார். கதவுக்குப் பக்கத்துக் கதிரையைத் தவிர வேறு எதிலும் இருக்க மாட்டார். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டுப் பொரித்த ஒரு தட்டையான சாமானைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவார். எங்களுக்குக் கொஞ்சம் உறைப்புக் காணாது, மற்றப்படி திறமான சாப்பாடு.

முதல் நாள் அவரை நான் கண்டதே மீன்கறியாலதான். எங்கட பெடியள் சூடை மீன்கறியை மைக்ரோவேவில் சூடாக்க, அறை முழுக்க மணம். மற்ற ஆக்கள் மூக்கைப் பிடித்தார்கள். ஃபோர்மன் வந்து, "இனி இங்கே மீன் இல்லை. எல்லாருக்கும் சம்மதம்தானே?" எண்டான். எங்கட பதினைந்து பேரும் குனிந்து சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள். கதவடியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"பொறு. எதிரானவை ஆர்? அவையின்ர கை முதல்ல."

நான் கையை உயர்த்தினேன். ஒரே ஒரு கை. அந்த மனிசன் எழும்பி வந்து எனக்கு முன்னால் நிண்டார்.

"ஏன் எதிர்?"

"எனக்குப் பசிக்குது," எண்டேன்.

அறை முழுக்கச் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக, பழைய மைக்ரோவேவ் ஒண்டைப் பின் கதவடிக்குக் கொண்டுபோய் வைத்து, மீனெல்லாம் அங்கே எண்டு முடிவானது. பத்து நிமிசக் கதை. ஆனால் அண்டையில் இருந்து அவர் என்னை விடவில்லை.

அவர் பேசினது ஸ்பானியம் கலந்த பிரெஞ்சு. நான் பேசினது யாழ்ப்பாணம் கலந்த பிரெஞ்சு. இரண்டு நொண்டியும் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதிரி எங்கட கதை நடந்தது. இங்கே நான் எழுதுவது எனக்கு விளங்கினது.

எதிலும் அவருக்கு அந்த ஒரு கேள்விதான். யன்னலைத் திறக்க வேணுமா? "எதிர் ஆர்?" ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால், "வேண்டாமெண்டு சொல்லுறவை ஆர்?" சம்மதிக்கிறவனைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"ஓமெண்டு சொல்லுறவனை எண்ணத் தேவையில்லை. அவன் எப்பிடியும் சத்தம் போடுவான்," என்பார்.

ஒருக்கா எங்கட ஊர்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கொத்துரொட்டி சாப்பிடலாம் வாங்கோ எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு வருசமாக ஒரே தலைவர். செயலாளர் மைக்கைப் பிடித்து, "நடப்பாண்டுத் தலைவரே ஏகமனதாக மீண்டும் தெரிவு செய்யப்படுகிறார்" எண்டு வாசிக்க, சனம் கை தட்டிப்போட்டு ரொட்டி வெட்டுகிற பக்கம் திரும்பிவிட்டது. நான் அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"எதிர் ஆரெண்டு கேட்கேல்லையே?"

என்ர வாய் சும்மா இருக்குமா? எழும்பி, "எதிரா ஆரும் இருக்கினமோ எண்டு இவர் கேட்கிறார்," எண்டேன்.

கத்திச் சத்தம் நிண்டது. பொம்பிளையள் பக்கத்தில் இருந்து ஒரு கை எழும்பியது. முந்தி ஊரில் படிப்பித்த ரீச்சர் அக்கா.

"பதினொரு வருசமா இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தனான்," எண்டா.

பிறகு ஒன்பது கை. தலைவர் மேடையில் நிண்டு, "இந்த வெள்ளையனை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" எண்டு கத்தினார். இண்டைக்கும் மொன்றியலில் எங்கட ஊருக்கு இரண்டு சங்கம் இருக்கு. இரண்டிலும் கொத்துரொட்டி நல்லது.

எனக்கு அப்போது தலைவரை நினைக்கச் சிரிப்பு. அவருக்கு அவரின்ர சனத்தைத் தெரியாது, என்ர சனம் என்னட்டை அப்படி நடிக்காது எண்டு நினைத்தேன்.

தொழிற்சாலையில் யூனியன் ஒண்டு இருந்தது. இருந்தும் இல்லாதது. கொம்பனிக்குச் சுகமான இரண்டு கிழவர்கள் அதை வைத்திருந்தார்கள். நாங்கள் அதை விட்டு வெளியேறிப் புதுசு தொடங்குவம் எண்டு நிண்டோம். அவர்தான் மறித்தார்.

"வெளியால போகாதே. உள்ளுக்குப் போ."

அதுக்குப் பிறகுதான் தன் நாட்டுக் கதையைச் சொன்னார். அவரின்ர இளமைக் காலத்தில் அங்கே சர்வாதிகாரியின் ஆட்சி. ஒரே ஒரு யூனியன், அதுவும் அரசாங்கத்தினுடையது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே யூனியனில் இருக்க வேணும். வேலைநிறுத்தம் செய்தால் மறியல், கம்பி எண்ண வேணும். இவர் ஒரு சின்னப் புரட்சிக் கட்சியில் மறைவாக இருந்தவர். பெரிய இடதுசாரிக் கட்சிக்கு இடப்பக்கமாக இன்னொரு கட்சி, அதுக்கும் இடப்பக்கமாக இவையின்ர.

"ஒரு குசினிக்குள்ள, சமையல் அடுப்புக்குப் பக்கத்தில, எங்கட மாநாடு முழுக்க நடக்கும்," என்பார். "ஆறு பேர். ஆறு கருத்து."

எதிரியின் யூனியனுக்குள் போறதோ, போகாமல் நிற்கிறதோ எண்டு அந்தக் குசினியில் மாதக்கணக்காகச் சண்டை. கடைசியில் போனார்கள். இரும்பு உருக்குகிற ஆலையில் தேர்தலில் நிண்டார்கள், வெண்டார்கள். சர்வாதிகாரியின் யூனியன் மண்டபத்தில், சர்வாதிகாரியின் கதிரையில் இருந்து, சர்வாதிகாரியின் முத்திரையைக் குத்தி, தொழிலாளர் சபையைக் கூட்டினார்கள். பிறகு இவர் இரண்டு வருசம் மறியலுக்குள் இருந்தார்.

நாங்களும் உள்ளுக்குப் போனோம். அவர் தான் எதிலும் நிற்க மாட்டேன் எண்டுவிட்டார். நான் நிண்டேன். எங்கட ஆக்கள், ஹெயிட்டி நாட்டுப் பொம்பிளையள், இரண்டு மூண்டு மொறோக்கோக்காரர், எல்லாரும் எனக்குப் போட்டு நான் பிரதிநிதியானேன். நாலாம் வகுப்பு படித்தவன் பிரெஞ்சுக்காரனுக்கு முன்னால் மேசையில் இருந்து கதைத்தேன். அதை இண்டைக்கும் சொல்லுவேன்.

வேகம் காணாதெண்டு மனேச்சர் பிரஸ் மெசின்களில் கை உள்ளே போகாமல் மறிக்கிற கம்பிவலைக் கதவுகளைக் கழற்ற வைத்தான். மூண்டாம் கிழமை எங்கட பெடியன் ஒருத்தனுக்கு, நாங்கள் குட்டி எண்டு கூப்பிடுகிறவன், ஆனால் முப்பத்தைந்து வயசு, வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது. நான் மனேச்சரின் அறைக்குள் போய்க் கேட்டேன். அவன் கணினியில் இருந்து கண்ணை எடுக்காமல், "கவனமாக வேலை செய்யச் சொல்லு," எண்டான். கதிரையில் இரு எண்டும் சொல்லவில்லை. நாய் வந்து நிண்ட மாதிரி நிண்டுவிட்டு வந்தேன்.

வெளியில் வந்து எங்கட ஆக்களைக் கூட்டிச் சொன்னேன்: "ஸ்ட்ரைக். கதவு திரும்பி வருமட்டும் ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை. என்ன சொல்லுறியள்?"

"ஓம் அண்ணை."

"நீங்கள் சொன்னாச் சரி அண்ணை."

"அண்ணை நிற்கேக்க எங்களுக்கென்ன பயம்?"

கொம்பனியோட இருந்த பழைய ஒப்பந்தம் முடிந்திருந்ததால் ஸ்ட்ரைக்குக்குச் சட்டப்படி இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் வாக்கெடுப்பு. அவரை என்ர காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பனி கொட்டுகிறது. அவர் வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"என்ன, புரட்சிக்காரருக்குப் பயமோ?"

யன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார்.

"சர்வாதிகாரி செத்தாப் பிறகு எங்கட ஆலையில பெரிய வேலைநிறுத்தம். மேலுக்கு இருந்த பெரிய கட்சிக்காரர் முதலாளிமாரோட ஒப்பந்தம் எழுதிப்போட்டினம். திரும்பிப் போங்கோ எண்டினம். நாங்கள் சின்னக் கட்சி, போகக்கூடாது எண்டு நிண்டம். நான் எண்ணெய்ப் பீப்பாவில ஏறி நிண்டு, 'தொடர்வமா?' எண்டு கேட்டன். காடு மாதிரிக் கை. எதிர் ஆரெண்டு கேட்கேல்லை. என்னத்துக்குக் கேட்கிறது? காடு மாதிரிக் கை எல்லோ. மூண்டு கிழமையால ஆக்கள் பின்கதவால களவா உள்ளுக்குப் போகத் தொடங்கிட்டினம். கடைசிவரைக்கும் வெளியில நிண்டவையை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். எனக்குப் பக்கத்தில கை உயர்த்தி நிண்ட ஒருத்தன், நாலு பிள்ளையள், ஆலை குடுத்த வீட்டில இருந்தவன். வீட்டுச் சாமான் எல்லாம் றோட்டில. நான் போனன், மன்னிப்புக் கேட்க. அவன் என்னை ஏசேல்லை. 'நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்' எண்டான். அவ்வளவுதான்."

"எங்கட சனம் அப்பிடியில்லை," எண்டேன். "நான் சொன்னாச் சொன்னதுதான்."

"உன்ர மனிசியின்ர கடுதாசி என்ன மாதிரி?"

"அது கிடக்கட்டும்," எண்டேன்.

உண்மை என்னெண்டால், அந்த ஒரு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை. ஸ்ட்ரைக் தொடங்கினால் கடிதம் தரமாட்டான், கடிதம் இல்லாவிட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள். மூத்தவளைக் கடைசியாகத் தூக்கினபோது அவளுக்கு ஆறு வயசு. ஆனால் நான் அண்ணை. பின்வாங்கிற வாய் எனக்கில்லை.

மண்டபத்தில் அறுபத்துமூண்டு பேர். யூனியன் தலைமைக் கந்தோரில் இருந்து ஒரு பொம்பிளை வந்திருந்தா. நான் மேடையில் ஏறி நல்லாகப் பேசினேன். விரலைப் பற்றிப் பேசினேன், மானத்தைப் பற்றிப் பேசினேன், மண்டபம் அதிர்ந்தது. பிறகு அவர் கதவடியில் இருந்து எழும்பினார். கோட்டோடதான்.

"எதிரானவை முதல்ல கதைக்கட்டும்."

ஒருத்தரும் இல்லை.

"அப்ப பொறுத்திருப்பம்," எண்டு திரும்ப இருந்தார்.

இருந்தோம். கந்தோர்ப் பொம்பிளை மணிக்கூட்டைப் பார்க்கிறா. கோப்பி முடிந்தது. ஹெயிட்டிப் பொம்பிளை ஒருத்தி பின்னல் ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கிவிட்டா. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இருபது நிமிசம் இருக்கும். முன் வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. எழும்பினவன் குட்டி. விரல் போனவன். ஆருக்காகச் சண்டையோ, அவன்.

"அண்ணை, குறை நினைக்கக் கூடாது," எண்டான். என்னைப் பார்க்கவில்லை, கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மனிசியின்ர ஃபைல் கடைசிக் கட்டத்தில நிற்குது. விரல் போனது போனதுதான். ஸ்ட்ரைக் வந்தா எனக்கு மற்றதும் போயிடும்."

"அப்ப அண்டைக்கு ஏன்ரா ஓமெண்டனீ?" எண்டு ஒருத்தன் பின்னுக்கிருந்து கேட்டான்.

"அண்ணை கேட்டா என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? நீ சொன்னனியோ?"

அவன் சொல்லவில்லைத்தான். பிறகு பின்னல் பின்னினவ எழும்பினா. பிறகு ஒரு மொறோக்கோக்காரர். நான் மேடையில் நிற்கிறேன், காது சுடுகிறது.

வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. அவர் தொழிற்சாலையில் இருந்து ஒரு பை நிறைய இரும்பு நட்டும் வட்ட வாசர் தகடும் கொண்டுவந்திருந்தார். கடதாசியில் கையெழுத்துப் பிடிபடும், பொலிஸ் காலத்தில் படித்தது எண்டார். இரகசியம்தானே முக்கியம் எண்டு கந்தோர்ப் பொம்பிளையும் விட்டுவிட்டா. ஆளுக்கு ஒரு நட், ஒரு வாசர். ஸ்ட்ரைக்குக்கு நட், வேண்டாமெண்டால் வாசர். ஒரு கம்பளித் தொப்பிக்குள் பொத்தின கையை விட வேணும், மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போக வேணும்.

கந்தோர்ப் பொம்பிளை மேசையில் கொட்டி எண்ணினா. ஏழு நட். ஐம்பத்தாறு வாசர்.

ஆளை ஆள் பார்க்கிறார்கள். பிறகு எங்கேயோ ஒரு பொம்பிளை களுக்கெண்டு சிரித்தா. அது பரவி, மண்டபமே சிரித்தது. ஒருத்தனை ஒருத்தன் முதுகில் தட்டுகிறான். கண்ணைத் துடைக்கிறவனும் இருந்தான். ஒரு கிழமையாக மூச்சை அடக்கி வைத்திருந்த அறுபது பேர் ஒரேயடியாக மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

இதை நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் எழுதிச் சொன்னதில்லை. அந்த ஐம்பத்தாறில் ஒண்டு என்ர வாசர்.

அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். இல்லை. மேசைக்குக் கிட்ட வந்து, "சரி. இது வேண்டாமெண்டு விளங்குது. எதுவெண்டா எல்லாரும் நிற்பியள்?" எண்டு கேட்டார்.

வழி சொன்னதும் குட்டிதான். ஒவ்வொரு மெசின் உடம்பிலும் கொம்பனி ஒட்டின ஒரு பிரெஞ்சுக் கடதாசி இருந்தது. தொடங்க முதல் பார்க்க வேண்டியவை எண்டு ஒரு பட்டியல். ஒருத்தரும் வாசித்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவன் வாசித்திருக்கிறான். அதில் ஐந்தாவது வரி: மறிப்புக் கதவு இல்லாவிட்டால் மெசினைத் தொடங்கக் கூடாது.

"அவங்கட கடதாசி எல்லோ அண்ணை. அவங்கள் சொல்லுறதைச் செய்வம்."

இந்த முறையும் எதிர் ஆரெண்டு கேட்டு, பொறுத்திருந்துதான் முடிவானது. திங்கட்கிழமை காலமை எல்லாரும் நேரத்துக்கு வந்து வரவு அட்டை அடித்தோம். மெசினுக்கு முன்னால் நிண்டு கடதாசியை முதல் வரியில் இருந்து வாசித்தோம். ஐந்தாம் வரியில் நிண்டோம். மனேச்சர் ஓடி வந்தான்.

"என்ன நடக்குது?"

"உங்கட கடதாசியை வாசிக்கிறம்," எண்டேன். "பிரெஞ்சு படிக்கச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்."

வியாழக்கிழமைக்குள் கம்பிவலைக் கதவுகள் எல்லாம் திரும்பப் பூட்டியாயிற்று. ஒரு நாள் சம்பளமும் குறையவில்லை. அடுத்த கிழமை எனக்கும் குட்டிக்கும் மற்ற ஆக்களுக்கும் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டது அந்த மனேச்சர்தான்.

கடிதம் கிடைத்த அண்டைக்கு அவரைக் காரில் மெட்ரோ வாசலில் இறக்கப் போகும்போது, மனசு லேசாக இருந்ததில் சொல்லிவிட்டேன். "நானும் வாசர்தான் போட்டனான்."

தட்டிக் கொடுப்பார் எண்டு நினைத்தேன். மனிசன் வெடித்தார்.

"ஏன் கையை உயர்த்தேல்லை? கேட்டனான் எல்லோ! இருபது நிமிசம் ஆருக்காகப் பொறுத்தனான் எண்டு நினைக்கிறாய்? ஒரு மீன்கறிக்குத் தனியா உயர்த்தினாய், உன்ர மனிசி பிள்ளையளுக்கு உயர்த்தேல்லை! விரல் போனவன் உனக்காகவும் சேர்த்து எழும்ப வேண்டியிருந்தது!"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இந்தக் கனடாவில் என்னை அப்படி ஏசினது அவர் ஒருத்தர்தான். "நீங்கள் என்ன போட்டனீங்கள்?" எண்டு கேட்டேன்.

"நட்," எண்டார். "நான் ஸ்ட்ரைக்குக்குத்தான். எப்பவும்."

அவ்வளவு ஆசையை உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த இருபது நிமிசம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அது இண்டைக்கும் ஏலாத வேலை. பட்டறையில் நான் சொல்கிறதுதான் சட்டம். முயற்சி செய்து பார்த்திருக்கிறேன், மூண்டு நிமிசத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

பத்து மாசத்தால் மனிசியும் பிள்ளைகளும் வந்தார்கள். ஜனவரி மாசம். டோர்வல் விமான நிலையத்துக்குப் போனால் அவர் எனக்கு முன்னமே வந்து நிற்கிறார். கையில் மூண்டு குளிர்ச் சட்டை, ஒண்டு பெரிது, இரண்டு சின்னது. தொழிற்சாலைப் பொம்பிளையளிட்டைக் கேட்டு எடுத்ததாம். நான் பூங்கொத்து வாங்கினேன், பலூன் வாங்கினேன், சட்டையை நினைக்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. மனிசி மெலிந்திருந்தா. சின்னவன் தாயின் சீலைக்குள் ஒளித்தான். மூத்தவள் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இவர்தானோ அப்பா?" எண்டு தாயைக் கேட்டாள்.

"ஓமடி. தலைமயிர்தான் போச்சு," எண்டா மனிசி. சொல்லிப்போட்டு அழத் தொடங்கிவிட்டா.

நான் அழுதேனோ இல்லையோ எண்டு எழுத மாட்டேன். அவர் குனிந்து சின்னவனுக்குச் சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். சட்டை முழங்காலுக்குக் கீழே வந்தது. "அடுத்த வருசத்துக்கும் போதும்," எண்டார்.

வீட்டுக்கு வாங்கோ, சோறு இருக்கு எண்டு எவ்வளவோ கேட்டேன். மாட்டேன் எண்டார். "இண்டைக்கு உன்ர வீட்டுக்குள்ள நாலு பேருக்குத்தான் இடம்." வழியில் மெட்ரோ வாசலில் இறங்கினார். மனிசிக்குக் கையைக் காட்டினார், கதவை மெதுவாகச் சாத்தினார். அடுத்த வருசம் வேலையை விட்டு நிண்டு, மகள் இருக்கிற லொங்குய்ய் பக்கம் போனார். பிறகு ஸ்பெயினுக்கே திரும்பினதாகக் கேள்வி.

நெடுஞ்சாலையில் ஏறும்போது பின் சீற்றில் மூண்டு பேரும் நித்திரையாகிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். மூத்தவளின் வாய் திறந்தபடி. சின்னவன் சட்டைக்குள் காணாமல் போயிருந்தான். மனிசியின் தலை யன்னலில். நான் வாகனம் ஓடத் தொடங்கின நாள் முதல் என்னை முந்த ஒருத்தனையும் விட்டதில்லை. அண்டைக்கு வலப்பக்க ஓரத்தில், ஆக மெதுவாக ஓடிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த லொறிகளும் கார்களும் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக என்னைத் தாண்டிப் போயின. போகட்டும் எண்டு விட்டேன்.